பத்திரம் முதல் பங்காளி வரை

சென்ற அத்தியாயத்தில் சொன்னபடி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமாக நான்கு தலைமுறையோடு அது நின்றிருக்கும். அதற்கு மேலே உள்ளவரைப் பற்றிக் கேட்டால் ‘பெரிய மிராசு’, ‘குதிரையில வருவாராம்’ என்று கதை கிடைக்கும், பெயர் கிடைக்காது. இந்தக் கட்டத்தில் பலர் கம்ப்யூட்டரில் பெயரைப் போட்டுத் தேட ஆரம்பிக்கிறார்கள். இங்கிலாந்துக்காரருக்கு அந்த வழி சரி. அவருக்குக் குடும்பப்பெயர் உண்டு. 1921-இல் வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்புத் தாள்களை 2022-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். நமக்கு இருப்பது இனிஷியல். நம் கணக்கெடுப்புத் தாள்களில் உள்ள தனிநபர் விவரங்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் பார்க்க முடியாது. ஆகவே பெயரைக் கொஞ்ச காலம் மறந்துவிட்டு நிலத்தைப் பிடியுங்கள். அரை ஏக்கர் புஞ்சையோ, ஒரு வீட்டுமனையோ, கிணற்றில் நாலில் ஒரு பங்கோ போதும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எங்காவது எழுதி வைத்திருப்பார்கள்.

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். முத்துசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்துசாமி, அவர் மகன் மறுபடியும் ராமசாமி என்று ஒரே இரண்டு பெயர் நூறு வருஷம் சுற்றிச் சுற்றி வரும். போதாக்குறைக்கு, மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று இருந்ததால், அதே பெயர் வைத்த பிள்ளையை வீட்டில் ராசு என்றும் துரை என்றும் கூப்பிட்டிருப்பார்கள். பெரியவர்கள் சொல்வது கூப்பிட்ட பெயர். பத்திரத்தில் இருப்பது வைத்த பெயர். ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பக்கத்தில் அவர் முதலில் தென்படும் பத்திரத்தின் வருஷத்தைப் போட்டு ‘முத்துசாமி-1894’, ‘முத்துசாமி-1941’ என்று எழுதிக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

பெட்டியில் இருப்பது

முதலில் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர், அவர்களின் தகப்பனார் பெயர், அவ்வளவுதான் இருக்கும். பாகப்பிரிவினையிலோ அண்ணன் தம்பி அத்தனை பேரும் வயதோடு வரிசையாக நிற்பார்கள். இறந்துபோன அண்ணனுக்குப் பதிலாக அவர் மைனர் மகன், அவனுக்குக் கார்டியனாகத் தாய், கல்யாணமாகாத தங்கைக்கு ஒதுக்கிய செலவு, விதவைத் தாயின் ஜீவனாம்சத்துக்கு விட்ட நிலம் எல்லாம் வரும். பதிவு செய்யாத கூறுசீட்டாக இருந்தாலும் சரி, நமக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரங்கள் வர ஆரம்பிக்கின்றன. பங்கை விட்டுக்கொடுத்த சங்கடமான கதையாக இருந்தாலும், உங்கள் அத்தைப் பாட்டிகள் எந்தெந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

சொத்து விவரத்தில் செக்குபந்தி என்று நான்கு எல்லை எழுதியிருப்பார்கள். ‘இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு’ என்று வரும் அந்தப் பகுதியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கேதான் நிற்க வேண்டும். அண்ணன் தம்பி பங்கு பிரித்த நிலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் யாராக இருப்பார்? பெரும்பாலும் பங்காளி. எல்லைக்காரர் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, முப்பது வருஷத்துக்கு முந்தைய தாய்ப் பத்திரத்தோடு ஒப்பிட்டால், ஒரே நிலம் எப்போது இரண்டானது, எந்தத் தலைமுறையில் கிளை பிரிந்தது என்பது தெரிந்துவிடும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் விடாதீர்கள். அதில் ஒருவராவது மாமனோ மச்சானோவாக இருப்பார். முத்திரைத்தாளில் வெண்டர் எழுதிய குறிப்பில் தாள் வாங்கியவர் பெயர், ஊர், தேதி இருக்கும். பத்திரம் எழுதியது ஒரு நாள், தாள் வாங்கியது வேறு நாள் என்றால் இடையில் பஞ்சாயத்து நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய எழுத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். இந்த ஐந்தும் பழகினால் பாதிப் பக்கம் படித்த மாதிரி. எண்ணில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௯௰௨ என்று இருந்தால் 1892. புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஏகார வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். தஞ்சைப் பக்கத்துப் பத்திரமானால் நிலம் வேலி, மா, குழி கணக்கில் இருக்கும்: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி.

தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1269 என்பது 1859 ஜூலையில் தொடங்கி 1860 ஜூனில் முடிவது. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு எழுதுவார்கள். ஆவணி முதல் மார்கழி நடு வரைக்கும் 824, அதற்குப் பிறகு ஆடி முடியும் வரை 825 கூட்ட வேண்டும். அறுபது வருஷப் பெயர்களில் எச்சரிக்கை தேவை. ‘தாது வருஷத்துப் பஞ்சத்தில் பிறந்தவர்’ என்றால் 1876 என்பதில் சந்தேகம் இல்லை. வெறுமனே ‘தாது வருஷம்’ என்றால் 1936-ஆகவும் இருக்கலாம். ஜாதகத்தில் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து இருந்தால் இரண்டில் எது என்று பஞ்சாங்கத்தை வைத்துச் சரிபார்க்கலாம். இந்த வேலைக்காகவே எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டு அட்டவணைகள் தயாரித்து வைத்திருக்கிறார். பெரிய நூலகங்களில் கிடைக்கும்.

ரிஜிஸ்தர் ஆபீஸில்

வீட்டில் பத்திரம் இல்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகம். வில்லங்கம் போட்டுப் பார்ப்பது இப்போது கம்ப்யூட்டரில் ஆகிறது. ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் 1975-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்துதான் அது கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு மனு எழுதிப் பணம் கட்டி, அட்டவணைப் புத்தகத்தைக் கையால் புரட்டித் தேடச் சொல்ல வேண்டும். முதல் அட்டவணை ஆள் பெயர்ப்படி, இரண்டாவது சொத்துப்படி. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்துக்கான முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ‘நீங்க யாரு, எதுக்கு?’ என்று கேட்டால் பதற வேண்டாம், பணிவாக அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலையும் கேட்டு வாங்கலாம். போவதற்கு முன்னால் உங்கள் கிராமம் அந்த வருஷத்தில் எந்த ரிஜிஸ்தர் ஆபீஸைச் சேர்ந்திருந்தது என்று ஒரு பழைய ஆவண எழுத்தரிடம் கேட்டுவிடுங்கள். கிராமங்கள் அலுவலகம் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன.

வருவாய்த்துறைக் கணக்கில் பின்னோக்கிப் போக ஒரு படிவரிசை உண்டு. இன்றைய பட்டா எண்ணிலிருந்து யு.டி.ஆர். என்ற நிலப்பதிவேட்டுத் திருத்தக் கணக்கு; 1979 முதல் 1987 வரை நடந்த அந்தத் திருத்தத்தில் பழைய சர்வே எண்ணும் புது எண்ணும் எதிரெதிரே இருக்கும். அங்கிருந்து செட்டில்மென்ட் பதிவேடு. அதற்கும் முன்னே, பழைய நில அளவையின் பைமாஷ் எண். இவற்றில் சில வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும், சில கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் இருக்கும், சில கரையான் வாயில் போயிருக்கும். எம்.ஜி.ஆர். ஆட்சி 1980-இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே உத்தரவில் ஒழித்தபோது எல்லாக் கணக்கும் சர்க்காருக்கு வந்து சேரவில்லை. பழைய கர்ணம் வீட்டுப் பரணைப் பற்றி மரியாதையாக விசாரிப்பதில் தவறே இல்லை.

குடும்பத்துக்குக் கோயில் ஊழியமோ, ஊர் ஊழியமோ, அதற்கான மானிய நிலமோ இருந்திருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் கிராமம் கிராமமாக விசாரித்து எழுதிய இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது; நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். மானியத்தை முதலில் பெற்றவர் யார், கொடுத்தது யார், இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன முறை, வயது என்ன, எங்கே குடியிருக்கிறார் என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். 1860-களில் அறுபது வயது என்று ஒருவர் பதிவாகியிருந்தால், அவர் 1800-ஐ ஒட்டிப் பிறந்தவர். அவருடைய தாத்தா பெயரும் அதே வரியில் இருக்கக்கூடும். நாவிதர், வண்ணார், தச்சர், வெட்டியான் ஆகியோரின் மானியங்களும் இதில் வரும். ஊரில் யாரும் ‘பரம்பரை’ என்று பேசாத குடும்பங்களுக்கு இருநூறு வருஷத்து எழுத்து ஆதாரம் இப்படிக் கிடைக்கிறது. மிராசுதார் வீட்டில் அவ்வளவு தூரம் போக முடியாமல் இருப்பதும் உண்டு.

மொய் நோட்டு

பத்திரம் பெரும்பாலும் ஆண்வழியையே இழுத்துப் போகும். பெண் கொடுத்த, பெண் எடுத்த வழிகளுக்கு மொய் நோட்டைப் போல ஒன்று வேறு நாட்டில் இருக்கிறதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிள்ளையார் சுழி, மஞ்சள் தடவிய முதல் பக்கம், முதல் வரியில் பெரும்பாலும் தாய்மாமன். அந்த ஒரு வரியே பெண்ணின் தாய்வீட்டை அடையாளம் காட்டிவிடும். அதற்குப் பிறகு ஊர், பெயர், தொகை. ஊர் முதலில் வருவது நமக்கு வசதி. ஒரே பெயர் நிறைய இருப்பதால் ‘சைக்கிள் கடை’, ‘தெக்கு வீடு’, ‘வாத்தியார் தம்பி’ என்று எழுதுபவரே அடையாளமும் சேர்த்திருப்பார். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். தகப்பன் வாங்கியதை மகன் செய்தாக வேண்டும். அதனால்தான் அந்த நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஒரு நோட்டைத் தனியாகப் படிப்பதில் பெரிய லாபம் இல்லை. ஒரே வீட்டின் இரண்டு விசேஷங்கள், இருபது வருஷ இடைவெளியில் கிடைத்தால் வேலையை ஆரம்பிக்கலாம். முதல் நோட்டில் ஒரு ஊரிலிருந்து ஒரே பெயர். இரண்டாவதில் அதே ஊரிலிருந்து ‘இன்னார் மகன்’ என்று மூன்று பெயர். அந்த வீடு மூன்றாகப் பிரிந்துவிட்டது, பெரியவர் இல்லை. தொகையைப் பார்த்தால் நெருக்கம் தெரியும். எல்லோரும் ஒரு ரூபாய் எழுதிய காலத்தில் பத்து ரூபாயும் ஒரு மூட்டை நெல்லும் செய்தவர் வெறும் ஊர்க்காரராக இருக்க மாட்டார். ஒரு ஊரே திடீரென்று காணாமல் போயிருந்தால் ஏதோ சண்டை. அதைக் கிளற வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கல்யாணப் பத்திரிகையைவிடக் கருமாதிப் பத்திரிகை மேல். இறந்தவரின் மகன்கள், மகள்கள், மருமகன்கள், சகோதரர்கள் என்று ஒருவரையும் விட முடியாது. விட்டால் வாசலிலேயே சண்டை வரும். யாழ்ப்பாணத்தார் இதில் நம்மைவிட ஒரு படி மேலே. அந்தியேட்டி என்ற இறுதிச் சடங்குக்கு அச்சிட்டுக் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு மலரில் வம்சாவளியையே சேர்த்துவிடுவார்கள். நூலகம் நிறுவனம் அத்தகைய மலர்களை நிறையச் சேர்த்து மின்வடிவில் வைத்திருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாகப் பதிவு செய்கிறார்கள். முஸ்லிம்களுக்கு ஜமாஅத்தின் திருமண தஃப்தர், கிறிஸ்தவர்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. பதிவேட்டில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம்.

மற்ற எல்லோருக்கும் குலதெய்வக் கோயில்தான் பதிவகம். தலைக்கட்டு வரி நோட்டில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் பங்காளிகள். நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்கும், மதுரைப் பக்கம் சிவராத்திரிக்குப் பெட்டி கும்பிடவும் போகிறவர்கள் ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுபோனால், வருஷம் முழுக்க அலைந்தாலும் பார்க்க முடியாத ஆட்களை ஒரே மரத்தடியில் பார்த்துவிடலாம். பொங்கல் வைத்து இறக்கிய பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் கேளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் ஆட்கள் கலைந்துவிடுவார்கள்.

நிலமே இல்லாதவர்களுக்கு

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நிலம் வைத்திருந்தவர்களுக்கானது. நிலம் மறுக்கப்பட்டவர்களின் சந்ததிக்கு வழி வேறு. வெட்டியான் மானியத்தைச் சொன்னேன். 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களுக்குக் கிராமக் கணக்கில் ‘டி.சி.’ என்று குறிப்பு இருக்கும்; இன்று அந்த நிலம் வேறு கையில் இருந்தாலும், முதலில் பெற்றவர் பெயர் பழைய பதிவேட்டில் நிற்கும். மிஷன் பதிவேடுகள் இன்னொரு வழி. சேசு சபையின் மதுரை மறைமாநில ஆவணங்கள் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் இருக்கின்றன. கோலார் தங்கவயல், ரயில்வே, ராணுவம் ஆகியவற்றில் சேர்ந்தவர்களின் சர்வீஸ் புத்தகம் வீட்டில் கிடந்தால் அதில் சொந்த ஊர், தகப்பனார் பெயர், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும்.

கப்பலேறியவர்கள் விஷயம் ஒரு விசித்திரம். ஊரில் எந்தக் கணக்கிலும் ஏறாத ஒருவர், டர்பனுக்குக் கப்பலேறிய அன்று பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை முழுதாகப் பதிவானார். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் இப்படிப் பட்டியல் உண்டு. மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. இலங்கை மலையகத்திலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்களின் குடும்ப அட்டையையும் பாஸ்போர்ட்டையும் அரசு உதவிக்காக மட்டும் வைத்திருக்க வேண்டிய காகிதம் என்று நினைக்காதீர்கள். அவற்றில் குடும்பத்தார் எல்லோர் பெயரும் வயதோடு ஒரே இடத்தில் இருக்கும்.

நாலு பேர் சேர்ந்தால்

இந்த வேலையைத் தனியாளாகச் செய்கிறவர் தன் குடும்பத்தை மட்டுமே தேடுவார். ஒரே பிர்காவைச் சேர்ந்த ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒருவர் போட்ட வில்லங்கத்தில் இன்னொருவரின் தாத்தா எல்லைக்காரராக வந்து நிற்பார். லண்டனில் 1911-லேயே வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். அங்குள்ள ஊர்ச் சங்கங்களுக்குப் பிரதான வேலை கல்லறைக் கல்லைப் படித்து எழுதுவதும், சர்ச் பதிவேட்டுக்கு அட்டவணை போடுவதும். நமக்குக் கல்லறை இல்லாவிட்டாலும் கல் இருக்கிறது: கிணற்றுக் கல், சத்திரத்துக் கல், பள்ளிக்கூடத்து நன்கொடைக் கல், கோயில் உபயப் பலகைகள். ட்யூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் நம் வழக்கத்தை நான் இனிமேல் கிண்டல் செய்யப் போவதில்லை.

எல்லாவற்றிலும் முதலில் எடுக்க வேண்டியது சுமைதாங்கிக் கல். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணுக்காக வைத்தது. பலவற்றில் பெண்ணின் பெயர், வைத்தவர் பெயர், வருஷம் வெட்டியிருப்பார்கள். பத்திரத்தில் ‘சம்சாரம்’ என்று மட்டும் வந்துபோகும் பெண்ணுக்குப் பொது வழியில் சொந்தப் பெயரோடு ஒரு கல். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்த்துப் போடுவதும் இதைத்தான். ஆகவே குழுவின் முதல் ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுத்தால் மங்கிய எழுத்தும் எடுப்பாகத் தெரியும். எழுத்தின் மேல் சுண்ணாம்போ பெயிண்டோ பூசாதீர்கள்.

இரண்டாவது வேலை, பத்திரப் படமெடுப்பு நாள். கிளை நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு மேசை போட்டு, வீட்டுக் காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கண் முன்னாலேயே படமெடுத்து, கையோடு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ‘ஒரு நாள் வச்சிருந்து தர்றோம்’ என்று சொன்னால் ஊர் அன்றோடு வருவதை நிறுத்திவிடும். ஃப்ளாஷ் கூடாது, ஜன்னல் வெளிச்சம் போதும். பின்பக்கத்தையும் எடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு வீடுகளில் கிடந்த ஓலைகளையும் காகிதங்களையும் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டுப் படம் மட்டும் எடுத்துச் சென்றது. நமக்கும் அதுவே நல்ல முன்மாதிரி.

சில விஷயங்களில் கூட்டம் தொடங்கும் முன்பே கறாராக இருக்க வேண்டும். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி வெளியே போகக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் சொத்து வழக்குக்குக் குழுவின் பட்டியலைக் கொடுக்கக் கூடாது. ஒரு தரப்புக்குக் கொடுத்தால் மறுநாளே குழு இரண்டாகும். தத்து, இரண்டாம் தாரம், ஊரைவிட்டுப் போய்க் கட்டிக்கொண்டது ஆகியவற்றை அந்தக் குடும்பம் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள், மறைக்கச் சொன்னால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பொய்யாக ஒன்றை எழுதி நிரப்பாதீர்கள். ‘நாங்க ராஜ வம்சம்’ என்று நிரூபித்துத் தரச் சொல்லி ஒருவர் நிச்சயம் வருவார். அவருக்குக் காபி கொடுத்து, இனாம் ரிஜிஸ்டருக்கு விண்ணப்பிக்கும் முறையைச் சொல்லி அனுப்புங்கள். சாதிப் பெருமைக்கு மலர் போடும் சங்கங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

குழுவின் பெயர் வெளியே தெரிந்ததும் டர்பனிலிருந்தோ ஃபிஜியிலிருந்தோ கடிதம் வரும். கொள்ளுத்தாத்தாவின் ஊர் என்று ஒரு பெயர் இருக்கும். கப்பல் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தெலுங்கில் எப்படி இருக்கும் என்றும் பாருங்கள். ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் இன்றைய வேலூரோடு நிற்காதீர்கள். அந்த ஜில்லாவின் வடபகுதித் தாலுகாக்கள் 1911-இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஒரே பெயரில் மூன்று ஊர் இருந்தால் மூன்றையும் எழுதி, தாலுகா எது பொருந்துகிறது என்ற காரணத்தோடு பதில் போடுங்கள். அவர்கள் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்னால் அந்த ஊரில் யாரையாவது நேரில் பார்த்துப் பேசி, வீடு நிலம் கேட்டு வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லி வைத்துவிடுங்கள். வந்த அன்றைக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.